இடது மணிக்கட்டு

தம்பிக்கு ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது மூத்தவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அறுத்து எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்று சொன்னபோதும் வரவில்லை. சிகிச்சைக்கு ஒத்திகை என்று ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி திரும்பி வந்து உடை மாற்றும்போது, தற்செயலாக அவருடைய தொடையிடுக்கு கண்ணில் பட்டதே, அப்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவன்டா உனக்கு இப்படி வழிச்சு விட்டான்?"

"வழிக்கலண்ணே. மிஷின் போட்டாங்க. ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தரு."

"இது மிஷின் போட்ட லட்சணமா? கோழி கிளறுன மாதிரியில்ல இருக்குது. இங்க ஒரு திட்டு, அங்க ஒரு திட்டு. முடி எந்தப் பக்கம் சாயுதுன்னாவது பாத்தானா அவன்?"

"அண்ணே, அத யாரும் வந்து பாக்கப் போறதில்ல."

"டாக்டரம்மா பாத்தாங்கல்ல? முடி வெட்டுறவன்னு வேற அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்க. என்ன நினைச்சிருப்பாங்க?"

"ஈரலைப் பத்தி நினைச்சிருப்பாங்க" என்றார் சின்னவர்.

மூத்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் சலூன்காரர்கள். கடை, பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருந்தது. ஒரு நீளக் கண்ணாடி, இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அந்த அகலத்துக்கு ஒரு நாற்காலிதான் போட முடியும் என்று தச்சர் அடித்துச் சொன்னார். ஆனால் சின்னவர் இடக்கைக்காரர். இடப்பக்க நாற்காலிக்குப் பின்னால் அவரும் வலப்பக்க நாற்காலிக்குப் பின்னால் மூத்தவரும் நின்றால் முழங்கைகள் வெளிப்பக்கமாகப் போய்விடும், நடுவில் இடிக்காது. அப்படித்தான் இத்தனை வருஷமும் ஓடியது. தெருவில் எல்லோருக்கும் அவர்கள் மூத்தவர், சின்னவர்தான். சொந்தப் பெயரைக் கேட்டால் எதிர்க்கடை சலூன்காரருக்குக்கூடச் சட்டென்று வாயில் வராது.

மூத்தவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பொண்ணு பாக்கப் போற இடத்துல அவங்கப்பா தலைமுடிதான் கண்ணுல படுது" என்பார். தம்பி வீட்டிலேயே ஒரு அறை. தம்பி மனைவி சலவைக்கடையில் வேலை செய்தாள். சலூன் துண்டுகளும் அவள் பொறுப்புதான். மழை பிடித்துக்கொண்ட அந்த மாதத்தில் துண்டுகள் காயாமல், வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஈரத்துண்டுகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் எல்லோரும் நடமாடினார்கள்.

மழைக்காலம் சலூனுக்கு எரிச்சல் பிடித்த காலம். தலைகள் நனைந்தே வரும். ஈரமுடி நீளமாகக் காட்டி ஏமாற்றும். அதை நம்பி வெட்டினால் காய்ந்ததும் ஏறிக்கொள்ளும். மூத்தவர் ஒவ்வொரு தலையையும் துடைத்து, காயவைத்து, சீவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். ஒருவருக்கு முடிப்பதற்குள் சின்னவர் இருவருக்கு முடித்துவிடுவார். ஆனால் அந்த வருஷம் சின்னவர் கை தளர்ந்துபோயிருந்தது. வலது விலாவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி கனக்கிறது என்றார். நின்று வேலை செய்கிறவர்களுக்கு எங்கேயாவது வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் ஸ்கேன்.

தெரு முழுக்க, "குடிச்சிருப்பாரோ?" என்றுதான் பேச்சு. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிற மனுஷன் சின்னவர். எந்தக் காலத்திலோ உடம்பில் புகுந்த மஞ்சள்காமாலைக் கிருமி சத்தமில்லாமல் ஈரலைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவசரப்படாமல், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். மூத்தவருக்கு முதல் நாளே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

"கத்தி வச்சு எடுக்க முடியாது. ஆனா கட்டிக்கு ரத்தம் எங்கிருந்து வருதுன்னு நமக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "ஈரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் போகுது. நல்ல ஈரல் பெரும்பாலும் ஒரு வழியா வாங்கிக்குது. கட்டி இன்னொரு வழியா, இதயத்துலேர்ந்து வர்ற ரத்தநாளம் வழியாத்தான் குடிக்குது. அதனால அந்த நாளத்துக்குள்ள சன்னமா ஒரு குழாய விட்டு, கட்டி வாசல் வரைக்கும் கொண்டுபோயி, கதிர்வீச்சு ஏத்தின கண்ணாடி மணிகள விட்டுருவோம்."

"மணின்னா?" என்றாள் சின்னவர் மனைவி.

"கண்ணுக்கே தெரியாதும்மா. தலைமுடி கனத்துல பாதிகூட இருக்காது. ரத்தத்தோட போயி கட்டிக்குள்ள சிக்கிக்கும். அங்கேயே இருந்து உள்ளுக்குள்ளயே சுட்டுப் பொசுக்கும். வெளியிலேர்ந்து குடுக்கற கதிர்வீச்சு மாதிரி வழியில இருக்கறதையெல்லாம் சுடாது."

தலைமுடி என்றதும் மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதில் பாதி என்றால் எவ்வளவு என்று அந்த அறையில் அவருக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

அதற்கு முன்னால் ஓர் ஒத்திகை உண்டு என்றார் டாக்டர். தொடையிடுக்கு வழியாகக் குழாய் விட்டு, வெறும் துகளை அனுப்பி, அது கட்டிக்கே போகிறதா, நுரையீரல் பக்கம் கசிகிறதா என்று பார்ப்பார்களாம். கசியவில்லை. நல்ல சேதி. மருந்துக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த நல்ல சேதியோடு வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மூத்தவர் அந்தத் திட்டுகளைப் பார்த்தார்.

பார்த்ததோடு விடுகிற ஆளா அவர்? சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு வார விடுமுறை. மத்தியானம் கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு தம்பியை நாற்காலியில் சாய்த்தார். வெந்நீர், நுரை, புது பிளேடு.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பண்ணிட்டு வர வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"அது மத்தவங்களுக்குச் சொல்றது. வீட்டுல எவனோ தெரியாதவன் கண்ட பிளேடால கீறி வச்சிருவான்னு சொல்றாங்க. நாம தொழில்காரங்கடா."

"இருந்தாலும்..."

"ஆடாம இரு. கூச்சமா இருந்தா கண்ண மூடிக்கோ."

"எனக்கென்ன கூச்சம், வெளிய நிக்கிற சாவிக்கடைக்காரருக்குத்தான் கூச்சம்."

கதவுக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்கள் அவசரமாக நகர்ந்தன. மூத்தவர் இரண்டு பக்கமும் வழித்தார். முடிவாக்கில் ஒரு தடவை, எதிர்வாக்கில் ஒரு தடவை. படிகாரம் தேய்த்து, துண்டால் ஒற்றி, தள்ளி நின்று பார்த்தார். தம்பிக்காகத் தன்னால் ஆனது ஒன்றைச் செய்துவிட்டோம் என்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது. கட்டி வந்த நாளிலிருந்து அவர் நன்றாகத் தூங்கியது அன்றைக்கு ஒருநாள்தான்.

சிகிச்சை நாள் காலையும் மழை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குடைகள் சொட்டிக்கொண்டே போக, துடைப்பவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். சின்னவரைத் திரைக்கு அந்தப் பக்கம் படுக்கவைத்தார்கள். மூத்தவரும் தம்பி மனைவியும் இந்தப் பக்கம் நின்றார்கள். நர்ஸ் போர்வையை விலக்கியது துணிச் சத்தத்தில் தெரிந்தது.

"இது யார் பண்ணினது?" என்றார் நர்ஸ்.

"நான்தாங்க" என்றது சின்னவரின் குரல்.

"நாங்க பாத்துக்கறோம்னு அத்தன தடவ சொன்னேனே! ரெண்டு பக்கமும் சிவந்து, கொப்புளம் கொப்புளமா... இதுல சீழ் வேற வச்சிருக்கு. எப்பலேர்ந்து இப்படி?"

"நேத்துலேர்ந்து அரிச்சுதுங்க."

"ஒரு ஃபோன் பண்ணிச் சொல்ல மாட்டீங்களா? இருங்க, டாக்டரக் கூப்பிடறேன்."

மூத்தவர், நான்தான் என்று சொல்லத் திரையைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். தம்பி மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவர் முகத்தைப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

டாக்டர் வந்தார். திரைக்குள் போனார். "இந்த இடத்துல நான் ஊசி வைக்க மாட்டேன்" என்றார். "இந்தக் கிருமி அப்படியே ரத்தநாளத்துக்குள்ள போயிரும். அந்தப் பக்கமும் இதே கதைதான்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் தள்ளுவண்டியில் சின்ன ஈயப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். "டாக்டர், இவரோட மருந்து வந்திருச்சு. விமான நிலையத்துலேர்ந்து நேரா வருது" என்றார்.

மூத்தவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். திரையைச் சரக்கென்று விலக்கிவிட்டார்.

"நான்தாங்க பண்ணேன். இவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான். இவன் மேல தப்பில்ல. என்னத் திட்டுங்க."

"அண்ணே, சும்மா இரு."

"நீ சும்மா இருடா."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்குப் பண்ணீங்க?" என்றார்.

"போன தடவ... திட்டுத் திட்டா அசிங்கமா இருந்துச்சுங்க. தொழில்காரன் வீட்டு ஆளு, இப்படியா வந்து படுக்கறதுன்னு..."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பா, எரிச்சலா என்று தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

"அந்தத் திட்டு வேணும்னேதாங்க விடறது" என்றார் பொறுமையாக. "ஒட்ட வழிச்சா தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுது. எவ்வளவு தேர்ந்த கையா இருந்தாலும் விழும். அந்தக் கீறல்ல கிருமி குடியேறிரும். அதனாலதான் மேலாப்பல மிஷின் போட்டு விட்டுடறோம். நீங்க சுத்தமா பண்ணதுதான் வினையாப் போச்சு."

மூத்தவர் ஈயப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப என்ன பண்றது? தள்ளிப் போட்டிரலாமா?" என்றார்.

"அந்த மருந்து இவர் கட்டிக்குன்னு அளந்து செஞ்சது. நேரம் ஆக ஆக வீரியம் குறைஞ்சுக்கிட்டே போகும். இன்னிக்கு விட்டா வீண்தான், வேற யாருக்கும் குடுக்க முடியாது. மறுபடி சொல்லி, செஞ்சு, வந்து சேர வாரக்கணக்குல ஆகும். கட்டி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது." டாக்டர் சின்னவர் பக்கம் திரும்பினார். "இன்னொரு வழி இருக்கு. மணிக்கட்டு வழியாவும் போகலாம். கைகளக் காட்டுங்க."

மணிக்கட்டில் கைக்குப் போகும் நாளங்கள் இரண்டு உண்டாம். ஒன்றில் குழாய் விட்டால் மற்றது கையைக் காப்பாற்ற வேண்டும். டாக்டர் சின்னவரின் வலது விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டரில் துள்ளிக்கொண்டிருந்த கோடு படுத்தது. படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை.

"இந்தக் கை ஆகாது. இன்னொரு குழாய் ரொம்பச் சன்னம்."

இடது கையில் மாட்டி அழுத்தினார். கோடு படுத்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி கிடந்து, மெல்ல எழுந்து துள்ள ஆரம்பித்தது. டாக்டர் முகம் தெளிந்தது. "இதுல போகலாம்."

"ஐயோ, அந்தக் கை வேண்டாங்க!" என்றார் மூத்தவர்.

"ஏன்?"

"அவன் இடக்கைக்காரன். கத்தரி பிடிக்கிறது, கத்தி பிடிக்கிறது எல்லாம் அதுலதான். அது போச்சுன்னா..."

"போகாது. ரொம்ப அபூர்வமா அந்த நாளம் அடைச்சுக்கலாம். அடைச்சாலும் இன்னொண்ணு பாத்துக்கும், அதத்தான் இப்பச் சோதிச்சேன். ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்ச நாள் மரத்துப்போன மாதிரி இருக்கலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

மூத்தவர் தம்பியின் கையைப் பார்த்தார். கட்டைவிரலிலும் மோதிர விரலிலும் கத்தரி வளையம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை. தன் ஒருவனுடைய வீம்பால், உயிரா கையா என்று படுத்துக்கிடக்கிறவனைக் கேட்கும்படி ஆகிவிட்டதே!

"எடுத்துக்குங்க டாக்டர்" என்றார் சின்னவர். கேள்வி முடிவதற்காகவே காத்திருந்த மாதிரி. பிறகு அண்ணனைப் பார்த்து, "என்னண்ணே முழிக்கிற? கை போனா நீ வெட்டு, நான் பெஞ்சுல உக்காந்து நொட்டை சொல்றேன். ஆளே போயிட்டா நீ யார் கூடச் சண்ட போடுவ? எதிர்க்கடைக்காரரோடயா? அவருக்குக் காது கேக்காது."

தம்பி மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க டாக்டர். அந்தப் பெட்டியில வீரியம் குறையுதுன்னீங்களே" என்றாள்.

காத்திருக்கிற இடத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையே அசைந்தது. மூத்தவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தார். கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் போய் இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கி வந்தாள்.

"சாப்பிடுங்க மாமா."

"வேண்டாம்மா. எறங்காது."

"நீங்களும் மயங்கி விழுந்தா ரெண்டு பேர நான் பாக்க முடியாது. பிடிங்க."

பிடித்துக்கொண்டார். பன் வாய்க்குள் மண் மாதிரி கிடந்தது.

"என்ன ஒரு வார்த்த திட்டிடும்மா" என்றார்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "நேத்தே அரிக்குதுன்னு சொன்னாரு மாமா. நான்தான் வேர்க்குருவா இருக்கும்னு பவுடரக் கொட்டி விட்டேன். துணியும் சரியாக் காயல, ஈரத்தோட எடுத்துக் குடுத்தேன். உங்கள மட்டும் திட்டினா அது நியாயமா?"

"உனக்கு என்னம்மா தெரியும்..."

"உங்களுக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? தெரியாமத்தான செஞ்சோம். பாசத்துல கைய வைக்காதீங்கன்னு ஆஸ்பத்திரில போர்டா எழுதிப் போட முடியும்?"

மூத்தவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவள் கண்டுகொள்ளாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது.

"அந்தப் பெட்டி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "விமானத்துல வந்திருக்குதும்மா. எந்த ஊர்லயோ ஒருத்தர் உக்காந்து, நம்ம ஆளோட கட்டி எவ்வளவு பெரிசுன்னு பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி அளந்து போட்டு அனுப்பியிருக்காரு. இவன் மூஞ்சி கறுப்பா செவப்பான்னுகூட அவருக்குத் தெரியாது."

"ஆமா மாமா."

"யாரு பெத்த பிள்ளையோ. நல்லா இருக்கணும்."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் அவளும்.

அதற்கப்புறம் பன் இறங்கியது.

கதவு திறந்து டாக்டர் வந்தபோது நெற்றியில் தொப்பி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. கனமான ஈய அங்கியைக் கழற்றிய தோள்களை உருட்டிக்கொண்டே, "போக வேண்டிய இடத்துக்குப் போயிருச்சு. முழுசாப் போயிருச்சு. கையும் சூடா, நல்லா இருக்கு" என்றார்.

மூத்தவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கும்பிட்டார். "உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன்" என்றார்.

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "நீங்க சவரக்கத்திய எடுக்காம இருந்தா போதும், அதுவே எனக்குப் பெரிய உதவி."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மூத்தவர் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டார்.

உள்ளே சின்னவர் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டையோடு படுத்திருந்தார். நர்ஸ் அவ்வப்போது வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் ஒரு வாரம் பக்கத்தில் வர வேண்டாம், மற்றவர்கள் வரலாம், ஒட்டி உட்காராமல் இருந்தால் போதும் என்றார்.

"முழிச்சுக்கிட்டேதாண்ணே இருந்தேன்" என்றார் சின்னவர். "டிவில என் ஈரலையே காட்டுனாங்க. ரத்தக்குழாயெல்லாம் வேர் மாதிரி ஓடுது. கட்டி இருக்கற எடத்துல மட்டும் சிக்கு விழுந்த தலை மாதிரி ஒரே பின்னல். உன் கையில குடுத்தா ஒட்ட வெட்டியிருப்ப."

"வாய மூடிட்டு விரல ஆட்டு."

சின்னவர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். கட்டைவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிரித்து, கத்தரி பிடிப்பது போலக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டிக் காட்டினார். மூத்தவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு சின்னவருக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போனது. சாப்பாடு கசந்தது. படியேறினாலே படுத்துக்கொள்ளத் தோன்றும் அசதி. எல்லாம் எதிர்பார்த்ததுதான் என்றார்கள். கை முழங்கை வரை கன்றி நீலமாகி, மஞ்சளாகி, பிறகு பழைய நிறத்துக்கு வந்தது. மூத்தவர் அந்த ஒரு வாரமும் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே கட்டிலில் இருந்த தம்பியோடு தெருவுக்கே கேட்கும்படி பேசினார். அவ்வளவு தள்ளி உட்கார வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இந்தத் தடவை சொன்னதற்கு மேலே நாலு மடங்கு ஜாக்கிரதை.

சின்னவர் கடைக்குத் திரும்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எதிர்க்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்து, காது கேட்காதவர்களுக்கே உரிய சத்தத்தில், "உங்கண்ணனுக்கு ரொம்ப நன்றிப்பா! தாடியெல்லாம் என் பக்கம் தள்ளி விட்டுட்டாரு!" என்றார்.

மூத்தவர் அன்றிலிருந்து ஒருவருக்கும் சவரம் செய்யவில்லையாம். முடி மட்டும் வெட்டுகிறார். பிடரியில் கோடு எடுப்பதற்குக்கூட மிஷின்தான். கேட்டதற்கு, டாக்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"ஏண்ணே, கடை நடத்துறியா, கூத்தடிக்கிறியா?"

"சவரத்த நீ பாத்துக்கோ. உன் கை நல்லாத்தான இருக்குது."

"எனக்கு யாரு பண்ணுவா?"

சலூன்காரர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே வழித்துக்கொள்வது குறைவு. மீசை முளைத்த நாளிலிருந்து தம்பி முகத்துக்கு அண்ணன் கை, அண்ணன் முகத்துக்குத் தம்பி கை. மூத்தவர் சீப்பைக் கழுவினார்.

"சரி, வளரட்டும்" என்றார் சின்னவர்.

வளர்ந்தது. தாடி வைத்த சலூன்காரரைத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. "கத்தி இல்லியா, இல்ல கைதான் இல்லியா?" என்று வருகிறவர்கள் எல்லாம் வாரினார்கள். சின்னவர் எல்லோரிடமும், "எங்கண்ணனக் கேளுங்க" என்று விரலை நீட்டினார். மூத்தவர் மிஷின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். தம்பி மனைவி இரண்டு பேரையும் திட்டித் தீர்த்து ஓய்ந்துபோனாள்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். மூவரும் போனார்கள். டாக்டர் சின்னவரைப் பார்த்து ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, படங்களைத் திரையில் போட்டார். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். பழைய படத்தில் பளிச்சென்று இருந்த இடம் புதியதில் கருப்பாகக் கிடந்தது.

"கட்டிக்குள்ள ரத்தமே போகல" என்றார் டாக்டர். "செத்துருச்சு. இனிமே கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கும். அடிக்கடி வந்து பாத்துக்கிட்டே இருக்கணும், அதுல மட்டும் அசட்டையா இருக்கக் கூடாது. ஆனா இன்னிக்கு இது நல்ல படம். ரொம்ப நல்ல படம்."

தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூத்தவர் அந்தக் கருப்பு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் வீணாகப் போயிருக்க வேண்டிய மருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. யார் யாரோ சேர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அந்த அறையில் எல்லோருடைய கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல அவருக்கு இருந்தது.

"அது சரி, இது என்ன வேஷம்?" என்று தாடியைக் காட்டினார் டாக்டர்.

"எல்லாம் உங்க புண்ணியம்தான் டாக்டர். சவரக்கத்திய எடுக்கக் கூடாதுன்னு எங்கண்ணனுக்கு உத்தரவு போட்டுட்டீங்க."

"நானா?" டாக்டருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறவங்களுக்குப் பண்ணாதீங்கன்னுதான் சொன்னேன்! முகத்துக்குத் தாராளமாப் பண்ணுங்க."

திரும்பும்போது நேரே கடைக்குத்தான் போனார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. சின்னவர் அண்ணனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

"ம்."

"நாளைக்குப் பண்ணலாம்டா."

"டாக்டரே சொல்லியாச்சு. இன்னும் என்ன?"

மூத்தவர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் மெலிதாக ஆடிக்கொண்டிருந்தன. "டாக்டரம்மா சொன்னதுனால இல்லடா" என்றார். "கத்தியத் தொட்டாலே இப்படி ஆவுது. அன்னிக்கு அந்தப் பெட்டியப் பாத்தேன் பாரு, அதுலேர்ந்து. இந்தக் கையாலதான உன்ன..."

"அந்தக் கையாலதான எனக்கு மொத மொத மீச எடுத்து விட்ட. ஆடினா ஆடட்டும், கீறினா கீறட்டும். முகத்துல கீறல் விழுந்து செத்தவன் எவனும் கிடையாது. பண்ணு."

மூத்தவர் முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். வெந்நீர்த் துண்டைப் போட்டார். நுரை போட்டார். பிளேடு மாற்றினார். காதுக்குக் கீழே கத்தியை வைக்கப் போனபோது கை ஆடியது; எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். தம்பி மனைவி பெஞ்சு நுனியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தி கன்னத்தில் இறங்கியது. ஒரு பட்டை தோல் தெரிந்தது. அடுத்த பட்டை. இடது கன்னம் முடிந்தபோது கை தன்னுடையதாகிவிட்டது அவருக்கே தெரிந்தது. மோவாயைத் தூக்கி, தொண்டையில் கத்தியை வைத்தார். அப்போது இடது உள்ளங்கையில் தாங்கியிருந்த தம்பியின் தலை திடீரென்று கனத்தது.

திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். சின்னவர் வாயை லேசாகத் திறந்து, தொண்டையில் கத்தியோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை சன்னமாக ஆரம்பித்தது.

மூத்தவர் கத்தியை மெல்ல எடுத்து மடக்கி வைத்தார். தலையைத் தாங்கிய கையை மட்டும் எடுக்கவில்லை. கண்ணாடியில் தம்பியின் முகம் பாதி வெள்ளை நுரையும் பாதி வழித்த தோலுமாகத் தெரிந்தது. மூத்தவர் கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் இறங்கிச் சொட்டியது. துடைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

"எழுப்புங்க மாமா" என்றாள் தம்பி மனைவி தாழ்ந்த குரலில். "பாதியில நிக்குது."

"நிக்கட்டும்மா" என்றார் மூத்தவர். "தூங்கட்டும். நுரை காஞ்சா மறுபடி போட்டுக்கலாம்."